குவெரிசெலக்டர்ஆல் கொண்டு எடுத்த பெட்டிகளின் நிறம் ஏன் மாறுவதில்லை?

ஒரே கிளாஸ் உள்ள ஐந்து பெட்டிகளை, ஜாவாஸ்கிரிப்டில் பொருந்தும் எல்லா எலிமென்ட்களையும் (பக்கத்தின் பகுதிகளையும்) தேடி எடுக்கும் குவெரிசெலக்டர்ஆல் போட்டு எடுத்து, ஸ்டைலில் பின்னணி நிறம் கொடுத்தும் எதுவும் மாறவில்லை என்கிறீர்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, எரர்கள் தெரியும் கன்சோலைப் பாருங்கள். சிவப்பில் வரும் எரரில் 'அன்டிஃபைன்ட்' என்று இருக்கிறதா, 'நல்' என்று இருக்கிறதா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

உங்கள் நிரலுக்கு 'அன்டிஃபைன்ட்' தான் வரும், அதாவது கேட்ட பிராப்பர்ட்டி அங்கே இல்லை. குவெரிசெலக்டர்ஆல் தருவது பெட்டியை அல்ல, பெட்டிகளின் பட்டியலை. பட்டியலுக்கு ஸ்டைல் என்ற பிராப்பர்ட்டியே கிடையாது. பட்டியலை வரிசையாகச் சுற்றிவரும் ஃபார்ஈச் போட்டு ஒவ்வொரு பெட்டியாக எடுத்து நிறம் கொடுங்கள், ஐந்தும் மாறும்.

'நல்' வந்தால் தேடிய எலிமென்ட் கிடைக்கவில்லை என்று பொருள். இது 'ஆல்' இல்லாத குவெரிசெலக்டரில் வரும். அது முதலில் பொருந்தும் ஒன்றை மட்டுமே தரும். கிளாஸ் பெயருக்கு முன் புள்ளியோ, ஐடிக்கு முன் ஹேஷ் குறியோ விட்டுப்போயிருக்கலாம். அது சரி என்றால் ஸ்கிரிப்ட் டேக் ஹெட் பகுதியில் இருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் பக்கத்தின் உடல் பகுதி உருவாவதற்கு முன்பே நிரல் ஓடிவிடுகிறது. பக்கம் உருவான பிறகே நிரலை ஓடவிடும் டிஃபர் என்ற சொல்லை டேகில் சேர்த்தால் போதும். ஆனால் நிரல் தனிக் கோப்பில் இருந்தால்தான் டிஃபர் வேலை செய்யும்.

குவெரிசெலக்டர்ஆல் இந்த இடத்தில் ஏமாற்றும். எதுவும் கிடைக்காவிட்டால் காலிப் பட்டியலைத் தரும், ஃபார்ஈச் ஒரு முறைகூட ஓடாது, எரரும் வராது. பட்டியலில் எத்தனை இருக்கின்றன என்று சொல்லும் லெங்த்தை கன்சோலில் அச்சிடுங்கள். 0 என்றால் செலக்டரையோ (தேடக் கொடுத்த பெயரையோ) ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தையோ திருத்த வேண்டும்.

லெங்த் 5 என்று வந்தும் மாறவில்லையா? மதிப்பில்தான் கோளாறு. அகலத்துக்கு வெறும் 200 கொடுத்தால் பிரவுசர் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். '200பிஎக்ஸ்' என்று மேற்கோளுக்குள் அலகோடு கொடுக்க வேண்டும். மேற்கோளுக்குள் அரைப்புள்ளி வந்தாலும் இதே கதிதான். சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில்) நடுவே ஹைஃபன் (-) போட்டு எழுதும் பெயர்களை இங்கே ஹைஃபன் இல்லாமல், இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி எழுதுங்கள். ஹைஃபன் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கழித்தல் என்றே படிக்கும்.

இரண்டு மூன்று ஸ்டைல்களைச் சேர்த்து மாற்றுவதென்றால் ஸ்டைலை நேரடியாகத் தொடாதீர்கள். அவற்றை சிஎஸ்எஸ்ஸில் ஒரு கிளாஸாக எழுதி, எலிமென்ட்டின் கிளாஸ்களை வைத்திருக்கும் கிளாஸ்லிஸ்ட்டின் ஆட் (சேர்), ரிமூவ் (நீக்கு), டாகிள் (இருந்தால் நீக்கு, இல்லாவிட்டால் சேர்) கொண்டு போடவும் எடுக்கவும் செய்யுங்கள். இங்கே கிளாஸ் பெயருக்கு முன் புள்ளி வைக்கக் கூடாது. வைத்தால் புள்ளியும் பெயரின் பகுதியாகிவிடும், சிஎஸ்எஸ் விதி பொருந்தாது.