ஏழு டீமுக்கு ஒரே வரிசை

வணக்கம் சார்,

சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் இருக்கிறேன். வெளிநாட்டு வங்கி ஒன்றின் வீட்டுக்கடன் மென்பொருளை மொத்தமாக மாற்றி எழுதுகிறோம். ஏழு டீம், நான்கு இங்கே, மூன்று போலந்தில். போன மாதம் வரை ஒரு டீமின் ப்ராடக்ட் ஓனராக, அதாவது எந்த வேலை முதலில் என்று தீர்மானிப்பவராக, இருந்தேன். இப்போது ஏழு டீமுக்கும் மேலே சீஃப் ப்ராடக்ட் ஓனர் ஆக்கிவிட்டார்கள். ஏழு ப்ராடக்ட் ஓனர்களும் என்னிடம் வந்து "எங்களுடையதுதான் முதலில்" என்கிறார்கள். வாராவாரம் ஸ்டேட்டஸ் பிபிடி வேறு. எல்லா ஸ்டோரியையும் (பயனருக்கு என்ன வேண்டும் என்று எழுதிய சிறு வேலைக் குறிப்பு) நான் படித்துப் பார்க்க வேண்டுமா? இது மேனேஜர் வேலைதானா? ஏற்றுக்கொள்ளலாமா, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றே புரியவில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஏற்பதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் அந்த "எங்களுடையதுதான் முதலில்". ஏழு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பேக்லாக்கில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், முதலில் இருக்கும் வேலை நியாயமாகவே முதலில் இருக்கிறது, சிக்கலே அதுதான்.

நீங்கள் விவரம் எழுதவில்லை, நானே ஒன்றை வைத்துப் பேசுகிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து கடன் கேட்கிறார்கள். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு பேர் வர வேண்டும், இரண்டு சம்பளத்தையும் கூட்டித் தகுதி பார்க்க வேண்டும், ஆவணங்கள் இரண்டு பேருடையதும் வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் வாடிக்கையாளர் விவரத்தைக் கையாளும் டீம் தன் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தாக வேண்டும். அது அவர்கள் பட்டியலில் ஆறாவதாக இருக்கிறது. மேலே உள்ள ஐந்தும் அவர்களுக்கு முக்கியம்தான், ஆனால் அந்த ஆறாவதற்காக வேறு நான்கு டீம் காத்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிண்ட் (சில வாரங்களுக்கான ஒரு வேலைச் சுற்று) முடியும்போது ஏழு டீமும் சொன்னதைச் சொன்னபடி முடித்திருப்பார்கள், ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக இருக்கும், சேர்ந்து கடன் கேட்கிற ஒரு தம்பதியால்கூட விண்ணப்பிக்க முடியாது. ஒரு டீமுக்குள் உட்கார்ந்திருக்கும் ப்ராடக்ட் ஓனருக்கு இது சுலபத்தில் கண்ணில் படாது, பட்டாலும் பக்கத்து டீமின் வரிசையில் கைவைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்த ஆறாவதைத் தூக்கி முதலில் வைப்பது, அப்புறம் கீழே போன ஐந்துக்காகக் காத்திருப்பவர்களிடம் நேராகப் பேசி "இந்த ஸ்பிரிண்டில் இல்லை, காரணம் இது" என்று சொல்வது: உங்கள் வேலை இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இப்படி ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டாக வேலை செய்யும் முறைக்கு ஸ்க்ரம் என்று பெயர், அதன் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடு 2020 பதிப்பைப் பாருங்கள். பல டீம்கள் ஒரே ப்ராடக்டில் வேலை செய்தால் இலக்கு ஒன்று, பேக்லாக் ஒன்று, ப்ராடக்ட் ஓனரும் ஒருவர்தான். அந்த ஓனர் ஓர் ஆள், கமிட்டி இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது. பல டீம்கள் சேர்ந்து ஸ்க்ரம் செய்வதற்காக க்ரெய்க் லார்மனும் பாஸ் வோடேவும் உருவாக்கிய லெஸ் முறையில் எட்டு டீம் வரைக்கும் ஒரே ப்ராடக்ட் ஓனர், அதற்கு மேல் போனால்தான் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர். ஒரே ஆள் எட்டு டீமை எப்படிச் சமாளிப்பார் என்றால், அவர் வரிசையை மட்டும் பார்க்கிறார், விவரத்தை டீம்களே பயனர்களிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. உங்கள் பதவிப் பெயர் அப்படியே இருப்பது, ஸ்க்ரமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் சதர்லாந்தின் ஸ்க்ரம் அட் ஸ்கேல் என்ற இன்னொரு முறையில். அங்கே டீம் வாரியாக ஓனர்கள் உண்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே பொது பேக்லாக்கை வைத்திருப்பார்கள், அதன் இறுதி வரிசை சீஃபின் பொறுப்பு.

நான் லெஸ் பக்கம்தான். உங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் நிஜமாகவே ஓனர் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ப்ராக்ஸி ப்ராடக்ட் ஓனர் என்று ஒருவர் இருப்பார், ஆன்சைட்டில் (க்ளையண்ட் இருக்கும் இடத்தில்) கேட்டு, ஸ்டோரி எழுதி, டீமின் சந்தேகத்தை மறுபடி ஆன்சைட்டுக்கு அனுப்புவார். அது தேவையான வேலை, நன்றாகச் செய்ய நிறைய உழைப்பும் வேண்டும். ஆனால் அவருக்கு ஓனர் என்று பெயர் கொடுத்த உடனே அவருக்கென்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது, அதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் கூடவே வருகிறது.

வரிசைக்குப் பொறுப்பாக ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவக் காப்பீடு வாங்குவதற்காக அமெரிக்க அரசு தொடங்கிய ஹெல்த்கேர்.கவ் தளம் நல்ல உதாரணம். அதைச் செய்தது ஏஜைல் முறையிலா (ஸ்க்ரம் போலச் சிறு சிறு சுற்றாகச் செய்வது) இல்லையா என்பதை விடுங்கள். பல ஒப்பந்த நிறுவனங்கள் வேலை செய்த தளம், 2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள், முதல் நாள் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறு பேர். திறப்பதற்குச் சில வாரம் முன்னால் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: கணக்குத் தொடங்காமல் காப்பீட்டுத் திட்டங்களைப் பார்வையிடும் வசதியை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். அந்த வசதியைச் செய்தவர்களுக்கு அது வேலைக் குறைப்பு. விளைவு என்னவென்றால், சும்மா விலை பார்க்க வந்தவர்கள்கூடக் கணக்குத் தொடங்கும் பக்கத்தில் போய்க் குவிந்தார்கள், அந்தப் பகுதியைச் செய்தது வேறு நிறுவனம், அது அங்கேயே திணறி நின்றது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்து "இதைத் தள்ளிவைத்தால் அங்கே கூட்டம் ஏறும்" என்று சொல்லி நிறுத்தும் அதிகாரத்தோடு ஒருவர் இல்லை. சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலும் முதலில் நிற்பது தெளிவான தலைமை இல்லாததுதான். 2014-இல் அமெரிக்க அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு வெளியிட்ட கையேடு, ஒரே ஒரு ப்ராடக்ட் ஓனர் இருக்க வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

சரி, உங்கள் மற்றக் கேள்விகள். எல்லா ஸ்டோரியையும் படிக்க வேண்டாம். ஒரு டீமுக்குள்ளேயே தொடங்கி முடிகிற ஸ்டோரியை அவர்களிடம் விட்டுவிடுங்கள், இன்னொரு டீமைத் தொடுகிறவற்றை மட்டும் ஒன்றுவிடாமல் படியுங்கள். பிபிடி தயாரிப்பது ப்ரோக்ராம் மேனேஜர் வேலை, அவரிடமே போகட்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் ஏழு டீமின் வேலையும் சேர்ந்து ஓடுகிற ஒரே என்விரான்மெண்டில் (மென்பொருளை ஓட்டிப் பார்க்கும் கணினி அமைப்பில்) அந்தத் தம்பதியின் விண்ணப்பம் முதல் திரையிலிருந்து கடைசி வரை ஓட வேண்டும் என்று கேளுங்கள். டீம் வாரியாக ஏழு டெமோ வேண்டாம், ஒரே டெமோ போதும். எங்கே நிற்கிறதோ அதுதான் அடுத்த ஸ்பிரிண்டின் முதல் வேலை.

பட்டியலில் "ஹை" என்று முப்பது வேலைக்கு முத்திரை குத்த விடாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும்தான், ஒரு எண்ணில் ஒரு வேலைதான். இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். முதல் தடவை ஏழு பேரையும் உட்காரவைத்து இப்படி எண் போடும்போது சண்டை வரும், வரட்டும், இத்தனை நாளும் அந்தச் சண்டை டெவலப்பர்கள் தலையில் நடந்துகொண்டிருந்தது.

இனி ஏற்பதா வேண்டாமா. ஒப்புக்கொள்வதற்கு முன்னால் க்ளையண்டிடம் மெயிலில் ஒன்றைக் கேளுங்கள்: வங்கியின் பிசினஸ் பக்கத்திலிருந்து பெரிய பதவியில் இருப்பவர் ஒருவர் நேராக ஒரு டீமைக் கூப்பிட்டு "இதை இந்த வாரமே முடித்துக்கொடுங்கள்" என்றால், என் வரிசை நிற்குமா, அவர் சொல்வது நிற்குமா? உங்கள் வரிசைதான் நிற்கும் என்று எழுத்தில் பதில் வந்தால் தைரியமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மழுப்பினால், உங்கள் ப்ரோக்ராமின் சீஃப் ப்ராடக்ட் ஓனர் அந்தப் பெரியவர்தான். அவரையே அந்தப் பதவிக்கு அறிவிக்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர் உங்களோடு உட்கார்ந்து எண் போட வேண்டும் என்று கேளுங்கள், மீதி நாட்களில் அந்த வரிசையை நடத்துகிறவராக நீங்கள் இருக்கலாம். அதிகாரம் அவரிடமும் பழி உங்களிடமும் இருக்கிற ஏற்பாட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

பதில் வந்ததும் எழுதுங்கள்.