ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ்ல படம் பாக்கணுமா? கேளுங்க, சொல்றேன்

போன வாரம் அசெம்பிளி ரூம்ஸ் பத்தி தெரிஞ்சதைச் சொல்றேன்னு சொன்னதும் கேள்வி குவிஞ்சிருச்சு. ஒவ்வொண்ணா வர்றேன்.

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி: அண்ணா, அது எங்க இருக்கு? சும்மா உள்ள போய் சுத்திப் பாக்க விடுவாங்களா?

சேரிங் கிராஸ்ல ஆடம்ஸ் ஃபவுண்டன் இருக்குதில்ல, அங்கிருந்து பொட்டானிக்கல் கார்டன் போற கார்டன் ரோட்லயே நடந்து போனா வந்துரும். சுத்திப் பாக்க அது மியூசியம் இல்ல தம்பி, சினிமா தியேட்டர். டிக்கெட் எடுத்து உக்காந்து ஒரு படம் பாருங்க, அதான் அந்த இடத்தைப் பாக்கற முறை.

குன்னூர் அக்கா: வெள்ளைக்காரங்க டான்ஸ் ஆடின இடம்னு எங்க அப்பா சொல்வாரு. அப்புறம் எப்படி நம்ம ஜனங்களுக்கு வந்துச்சு?

நல்ல கேள்விங்க்கா, இதுக்குத்தான் காத்திட்டிருந்தேன். இங்கிலாந்துல ஊருக்கு ஊர் அசெம்பிளி ரூம்ஸ்னு கட்டி வெச்சிருந்தாங்க, டான்ஸ், பாட்டு, சீட்டாட்டம்னு பெரிய மனுசங்க கூடற இடம், பாத் நகரத்துல 1771ல திறந்தது ரொம்ப ஃபேமஸ். கோடைக்கு மெட்ராஸ் கவர்மெண்டே மலையேறி இங்க வந்துருமா, வந்தவங்க அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்துட்டாங்க, அப்படி வந்ததுதான் நம்ம ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ். அப்புறம் 1922ல லேடி வில்லிங்டன் இதைப் பொது ஜனங்களுக்குன்னு கொடுத்துட்டாங்க, அன்னைல இருந்து ட்ரஸ்ட்தான், தனி ஆள் சொத்து கிடையாது. ஊட்டில அந்தக் காலத்துக் கட்டடம் எவ்வளவோ இருக்கு, ஆனா ஊட்டி கிளப் இருக்கே, ஸ்னூக்கர்ங்கற மேஜைப் பந்தாட்டத்துக்கு ரூல்ஸ் எழுதி மாட்டின இடம்னு புக்ல படிச்சு தெரிஞ்சுக்கலாம், மெம்பரா இல்லாம உள்ள போக முடியாது. அசெம்பிளில மார்க்கெட்ல காய் விக்கறவரும் டிக்கெட் எடுத்தா சீட்டு உண்டு. எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கட்டடம் மேல தனி மரியாதை.

கேத்தில இருந்து: யாருங்க இந்த லேடி வில்லிங்டன்?

1919ல இருந்து 1924 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த வில்லிங்டன் பிரபுவோட சம்சாரம். அவரு பின்னாடி 1931ல வைஸ்ராய் ஆனாரு. டெல்லி லோதி கார்டன் இருக்கே, 1936ல திறந்தப்போ அதுக்கு இந்தம்மா பேருதான் வெச்சாங்க. சென்னைல டீச்சர் ட்ரெயினிங் காலேஜும் இவங்க பேர்ல உண்டு. போன இடமெல்லாம் பேரை வெச்சுட்டுப் போற ஆளுபோலன்னு கிண்டல் பண்ணலாம், ஆனா இங்க செஞ்சது உருப்படியான காரியம்ங்க.

கூடலூர் நண்பர்: நைட் ஷோ பாத்துட்டு அன்னைக்கே ஊர் திரும்பலாமா?

வேண்டாம்ங்க. பைக்காரா, நடுவட்டம் பக்கம் மூடுபனி இறங்கிருச்சுன்னா முன்னாடி போற வண்டியே தெரியாது, உங்களுக்குத் தெரியாததா. மேட்னி பாருங்க.

மே மாசம் ஃபேமிலியோட வர்றோம், தியேட்டருக்கும் கார்டனுக்கும் ஒரே நாள்ல போகலாமா?

போகலாம், ஆனா ஃப்ளவர் ஷோ நாள்ல மட்டும் கார்டன் ரோட்டுக்கு காரை எடுத்துட்டு வந்துராதீங்க, படம் இண்டர்வெல் விட்டிருக்கும், நீங்க இன்னும் சேரிங் கிராஸ்லயே நின்னுட்டிருப்பீங்க. எங்கயாவது பார்க் பண்ணிட்டு நடந்து வாங்க. காலைல கார்டன், மதியம் மேல படம், இந்த ஆர்டர்தான் சரி, மழை வந்தாலும் உள்ள உக்காந்திருப்பீங்க. வெளியூர் வண்டின்னா இ-பாஸ் மறக்காதீங்க, 2024 மே 7ல இருந்து கேக்கறாங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் நீலகிரில தடை, வீட்டு ஸ்டீல் பாட்டில்ல கொண்டு வாங்க.

ஸ்வெட்டர் வேணுமா?

2,240 மீட்டர் உயரம்ங்க. ஈவ்னிங் ஷோ விட்டு வெளிய வரப்போ கேளுங்க இந்தக் கேள்விய.

கோத்தகிரி தம்பி: எந்தப் படம் ஓடுதுன்னு எப்படி தெரியும்? புடிக்காத படமா இருந்தா?

வாசல்ல போஸ்டர் இருக்கும், ஷோ டைமை அங்கயே கேட்டுக்கங்க, சீசன்ல மாறும். புடிக்காத படமா இருந்தா என்ன தம்பி, இண்டர்வெல்ல ஒரு டீயைக் குடிச்சுட்டு சுத்தி நல்லா பாருங்க. வெளிய நின்னு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பற கும்பல்ல மட்டும் சேந்துராதீங்க, நாலு பேர் டிக்கெட் எடுத்தாத்தான் ஒரு பழைய தியேட்டர் ஓடும்.