கடைசி வரிசைக்குக் கேட்காத பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் கோடை விடுமுறையில் ஒரு வாரம், தினமும் மாலை மூன்று மணி நேரம், திறந்தவெளியில் உள்ளூர்க் கலைஞர்களை வைத்து இசை நிகழ்ச்சி நடத்துகிறோம். தனிப்பாடகர்கள், நாலைந்து பேர் கொண்ட சிறு குழுக்கள், பிள்ளைகளின் சேர்ந்திசை என்று ஒரு நாளைக்கு நான்கு நிகழ்ச்சிகள். மேடையிலிருந்து கடைசி நாற்காலி வரை 35 மீட்டர் இருக்கும். மேடைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர்.

போன முறை முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசையில் பாட்டின் சொற்கள் புரியவில்லை. பிள்ளைகள் பாடும்போது மைக் கத்திக்கொண்டே இருந்தது. புல்லாங்குழலும் வயலினும் சுருதி சேரவே இல்லை. இத்தனைக்கும் இருவரும் நன்றாக வாசிப்பவர்கள். தினமும் ஒரு மணி நேரத் தாமதம் வேறு. சாயங்காலம் வைத்த அதே அளவில்தான் ஒலி இருந்தது. ஆனால் இருட்டிய பிறகு, அரை கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பவர்கள் வந்து சத்தம் தாங்கவில்லை என்றார்கள். இந்த ஆண்டு பெரிய ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கலாம் என்று குழுவில் பேச்சு. எடுக்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

எடுக்க வேண்டாம். அதே இடத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்தால் முன்வரிசைக்காரர் காதை இன்னும் அழுத்திப் பொத்துவார். பின்வரிசைக்குச் சொல் அப்போதும் தெளியாது. நீங்கள் எழுதிய குறைகளில் ஒன்றுக்குக்கூட ஸ்பீக்கரின் சக்தி போதாதது காரணம் இல்லை. தூரமும் நேரமும்தான் காரணம். இரண்டையும் கைக்காசு அதிகம் போடாமலே சரிசெய்யலாம்.

முதலில் தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 4 மீட்டரில் இருப்பவருக்கு 96 டெசிபல் என்றால் 8 மீட்டரில் 90, 16 மீட்டரில் 84, 32 மீட்டரில் 78. இது போதாதென்று, நடுவில் இருக்கும் தலைகளும் உடைகளும் உச்ச ஒலிகளை, அதாவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளை, விழுங்கிவிடும். ச, த, க போன்ற மெய்களின் கூர்மை பெரும்பாலும் அந்த உச்ச ஒலிகளில்தான் இருக்கிறது. அதனால்தான் பின்னால் மெட்டு கேட்கிறது, சொல் கேட்பதில்லை. இதைச் சரிக்கட்ட 10 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரிடம் பத்து மடங்கு சக்தி கேட்கிறீர்கள். முன்வரிசையில் அது 106 ஆகும். இசை நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரையறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்த எல்லையை நெருங்கவே கூடாது என்பது என் கருத்து. உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் கூட்டத்துக்கு 85 முதல் 90 தாராளம்.

செய்ய வேண்டியவை இரண்டு. ஸ்பீக்கரை ஸ்டாண்டில் ஏற்றி, அதன் உச்ச ஒலி வரும் வாய் எல்லோர் தலைக்கும் மேலே, தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் குறையாமல் இருக்கும்படி வையுங்கள். முகத்தை முன்வரிசைக்குக் காட்டாமல், கூட்டத்தின் நடுவைத் தாண்டிய பகுதியைப் பார்க்கும்படி லேசாகச் சாயுங்கள். ஸ்டாண்டின் கால்களை முழுக்க விரித்து, அடியில் மணல்மூட்டை வைத்துவிடுங்கள். அடுத்தது, மேடையிலிருந்து சுமார் 18 மீட்டரில், கூட்டத்தின் இரு ஓரங்களிலும் இன்னொரு சின்ன ஜோடி ஸ்பீக்கர். பெரிய ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

இந்தப் பின்ஜோடியை வெறுமனே இணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மின்சாரம் கம்பியில் நொடியில் போய்விடும். காற்றில் ஒலி நடந்துதான் வர வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். 18 மீட்டரைக் கடக்க 52 மில்லி விநாடி ஆகும். பின்ஜோடி முந்திக்கொண்டு பாட, மேடையின் ஒலி எதிரொலி போலப் பின்னால் வந்து சேரும். எனவே மிக்சரில் (எல்லா மைக்கும் வந்து சேரும் பெட்டி) பின்ஜோடிக்குப் போகும் அவுட்புட்டில் டிலே, அதாவது ஒலியைப் பிந்தவைக்கும் நேரம், வையுங்கள்: 52, அதோடு இன்னும் 10, ஆக 62 மில்லி விநாடி. கூடுதலாக ஏன் 10 என்றால், எந்தத் திசையிலிருந்து ஒலி முதலில் வருகிறதோ அங்கிருந்துதான் எல்லாம் வருவதாக நம் காது எடுத்துக்கொள்ளும். பிந்தி வருவது சுமார் 30 மில்லி விநாடிக்குள் வந்துவிட்டால், கொஞ்சம் உரக்க இருந்தாலும் தனியாகத் தெரியாது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதை ஆராய்ந்து காட்டினார். பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தும் பாடகர் மேடையிலிருந்து பாடுவதாகவே பின்வரிசைக்காரர் உணர்வது இதனால்தான்.

சரிபார்ப்பது எளிது. ‘டக்’ என்ற ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பின்ஜோடிக்குச் சற்றுப் பின்னால் போய் நில்லுங்கள். ‘டடக்’ என்று இரட்டையாகக் கேட்டால் டிலே தவறு. ஒற்றை ‘டக்’ ஆகும்வரை மாற்றுங்கள். பிறகு பின்ஜோடியை அணைத்துப் பாருங்கள். அணைத்தால் சொல் மங்க வேண்டும். போட்டால் ஸ்பீக்கர் அங்கே இருப்பதே தெரியக் கூடாது. அதுதான் சரியான அளவு. பின்ஜோடியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள். பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி மேடையிலிருந்தே வந்து சேர்ந்துவிடும். மாலையில் பத்து டிகிரி வெப்பம் இறங்கினாலும் இந்தத் தூரத்துக்கு ஒரு மில்லி விநாடிதான் மாறும். அதற்காக மறுபடி கை வைக்க வேண்டியதில்லை.

இருட்டிய பிறகு வந்த புகாருக்கும் ஒலியின் வேகம்தான் விளக்கம் சொல்கிறது. உங்கள் அளவும் மாறவில்லை, வந்தவர்களும் பொய் சொல்லவில்லை. வெயில் நேரத்தில் தரை சுட்டுக்கிடக்கும்; தரையை ஒட்டிய காற்று மேல்காற்றைவிடச் சூடாக இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதால் ஒலியின் பாதை மேல்நோக்கி வளைந்து, தொலைவில் இருப்பவரின் தலைக்கு மேலே போய்விடும். சூரியன் மறைந்ததும் தரை முதலில் குளிர்கிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று. இப்போது பாதை தரையை நோக்கி வளைந்து, அரை கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. அந்த வீடுகளை நோக்கிக் காற்று வீசினாலும் இதே விளைவுதான். தெருவின் இரைச்சல் ஓய்ந்திருப்பதும் சேர்ந்துகொள்ளும். சூரியன் மறைந்த அரை மணிக்குள் மொத்த ஒலியை 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) இருந்தால் அதை இன்னும் கூடுதலாக இறக்குங்கள். சுவரையும் ஜன்னலையும் தாண்டி அடுத்தவர் படுக்கையறைக்குப் போவது பேஸ்தான். அலைபேசியில் டெசிபல் பார்ப்பதென்றால் செயலியில் இருக்கும் ‘ஏ’, ‘சி’ என்ற இரண்டு அளவுமுறைகளில் ‘ஏ’யோடு ‘சி’யையும் பாருங்கள். ‘ஏ’ பேஸைக் குறைத்தே காட்டும். அலைபேசி சொல்லும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரே அலைபேசியை ஒரே இடத்தில் பிடித்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடலாம்.

மைக் கத்துவது பற்றி. ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் புகுந்து மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. அந்தச் சுற்றுத்தான் கத்தல். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும்போதெல்லாம், கத்தாமல் ஒலியை ஏற்ற இருக்கும் இடம் 3 டெசிபல் குறைகிறது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக எட்டு மைக் கொடுத்தால், ஒரு மைக்குக்கு இருந்ததில் 9 டெசிபல் போய்விடும். பதினைந்து இருபது பிள்ளைகளுக்கு இரண்டு மைக் போதும்: முன்வரிசைப் பிள்ளைகளிடமிருந்து ஒரு மீட்டருக்குள், அவர்கள் தலைக்குச் சற்று மேலே, வாயை நோக்கிச் சாய்த்து. இரண்டுக்கும் நடுவே, மைக்குக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். பின்வரிசைப் பிள்ளைகளைப் படியில் ஏற்றி நிறுத்துங்கள்.

தனிப்பாடகர் மைக்கை 20 சென்டிமீட்டரில் பிடிப்பதற்கும் 5 சென்டிமீட்டரில் பிடிப்பதற்கும் 12 டெசிபல் வித்தியாசம். எந்தக் கருவியும் கொடுக்காத லாபம் இது. அதே நேரம், மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடித்தால் எல்லாத் திசை ஒலியும் உள்ளே நுழைந்து உடனே கத்தும். பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் சாதாரண கார்டியாய்ட் மைக்காக இருந்தால் மைக்குக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டாக இருந்தால் நேர் பின்னாலிருந்து சற்றே ஓரமாகத் தள்ள வேண்டும். அந்த வகை மைக்குக்கு நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு. வாடகைக்குக் கொடுப்பவரிடம் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

கூட்டம் வருமுன் ஒவ்வொரு மைக்கையும் மெல்ல ஏற்றி, முதல் கத்தல் வரும் இடத்தைப் பிடியுங்கள். ‘ஊ’ போல ஒலித்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கம், ‘ஓ’ என்றால் 500, ‘ஆ’ 1000, ‘ஏ’ 2000, ‘ஈ’ 4000. காதைப் பழக்க ஒலியமைப்பாளர்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு இது; நம் நெடில்களுக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த இடத்தில் ஈக்வலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியே கூட்டிக் குறைக்கும் பகுதி) 3 டெசிபல் வெட்டி, மறுபடி ஏற்றுங்கள். மூன்று நான்கு இடம் வெட்டினால் போதும். அதற்கு மேல் வெட்டினால் பாடகரின் குரலே போய்விடும். பிறகு மொத்தத்தில் 6 டெசிபல் இறக்கி வைத்துவிடுங்கள். காற்று ஊதும் உறுமலுக்கு மைக்கில் பஞ்சு உறையும், குரல் சானல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவதும் வேண்டும்.

புல்லாங்குழல், வயலின் விஷயத்தில் வாசித்தவர்கள்மேல் குறை இல்லை. குழலுக்குள் இருக்கும் காற்று சூடானால் சுருதி ஏறும். கணக்குப்படி ஒரு டிகிரிக்கு 3 சென்ட். சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. வாசிப்பவரின் மூச்சு குழலை ஏற்கெனவே சூடாக்கியிருப்பதால் நடைமுறையில் ஏற்றம் அதைவிடக் குறைவு. வயலினின் உலோகத் தந்தியோ வெப்பத்தில் நீண்டு தளர்ந்து சுருதி இறங்கும். ஒன்று மேலே, மற்றது கீழே போனால் எப்படிச் சேரும்? குளிரூட்டிய அறையில் சுருதி சேர்த்துவிட்டு மேடைக்கு வந்தால் மூன்றாம் பாட்டில் இருவரும் பிரிந்திருப்பார்கள். அரை மணி முன்பே வாத்தியங்களை மேடைப்பக்க நிழலில் வைத்து, அங்கேயே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். மூங்கில் குழலைத் திருத்த முடியாது. மற்றவர்கள்தான் குழலுக்கு வர வேண்டும். கீபோர்டு இருந்தால் அதன் மாஸ்டர் டியூனிங்கில் 440ஐ 445 ஆக்கினால் 20 சென்ட் ஏறும். குழலோடு ஒத்துப்பார்த்து, எங்கே சேர்கிறதோ அங்கே நிறுத்துங்கள். தோல் வாத்தியம் வறண்ட சூட்டில் ஏறும், இரவின் ஈரத்தில் இறங்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் ஐந்து நிமிடம் அவர்களுக்கென்று விடுங்கள். மர வாத்தியங்களை வெயிலில் நிற்கும் மூடிய காரில் விட்டுவைக்கக் கூடாது. பசை இளகி, கிடாரின் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

தாமதத்துக்கு வருகிறேன். மூன்று மணி நேரத்தில் நான்கு நிகழ்ச்சி என்றால், ஆளுக்கு 30 நிமிடம், நடுவே மூன்று மாற்றங்களுக்கு 15 நிமிடம் வீதம் 45, அறிவிப்புகளுக்கு 15. முடிந்தது. ஆளுக்கு 45 நிமிடம் கொடுத்து, மாற்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், ஒரு மணி நேரம் தானாகவே பிந்தும். சவுண்ட் செக்கைத் தலைகீழ் வரிசையில் செய்யுங்கள்: கடைசியில் பாடுபவர் முதலில், முதலில் பாடுபவர் கடைசியில். செக் முடித்த குழுவின் மைக்குகள் நின்ற இடத்திலேயே நிற்க, அவர்கள் அப்படியே தொடங்கிவிடலாம். மற்ற குழுக்களுக்கு மைக் ஸ்டாண்டு நின்ற இடத்தில் தரையில் வண்ண டேப் ஒட்டி எண் எழுதுங்கள். மிக்சரின் அளவுகளைச் சேமியுங்கள், அல்லது படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிடமும் ஒரு வாரம் முன்பே ஒரு தாள் வாங்குங்கள்: எத்தனை பேர், யார் எங்கே நிற்பார், என்ன வாத்தியம், எத்தனை மைக், எத்தனை பிளக் பாயிண்ட். தாள் தராத குழு வந்து நிற்கும்போதுதான் மேடையில் இருபது நிமிடம் கரைகிறது.

முதல் நிகழ்ச்சி பிந்தினால் எல்லாரிடமும் ஒவ்வொரு பாட்டுக் குறையுங்கள். கடைசிக் குழுவின் நேரத்தை மட்டும் விழுங்குவது அநியாயம். பெரும்பாலும் அவர்கள்தான் மதியத்திலிருந்து காத்திருப்பவர்கள்.

மின்சாரத்தில் மூன்று மட்டும். சுற்றியிருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே லோடு ஏற்றினால் சூடாகி உருகும். விளக்கும் ஒலியும் தனித்தனி லைனில் இருக்கட்டும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் யாராவது எர்த் பின்னைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றாதீர்கள், உயிர் போகும். லேப்டாப்பையும் கீபோர்டையும் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக இணைத்து, அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள்.

டிஜிட்டல் மிக்சரை டேப்லெட்டில் இயக்குபவர் என்றால், கூட்டம் வந்து எல்லோர் அலைபேசியும் உயிர்பெற்றதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும். 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்து, ரவுட்டரைத் தலைக்கு மேல் உயரத்தில் கட்டுங்கள். வயர்லெஸ் மைக்கின் ரிசீவருக்கும் இதே உயரம்தான்.

மேடை வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். மாலை வெயில் பாடகர் கண்ணிலும் விழாது, கேட்பவர் கண்ணிலும் விழாது. மேடைக் கூரையில் பெரிய பேனர் கட்டினால் அது பாய்மரம்போலக் காற்றை வாங்கும். ஒவ்வொரு காலுக்கும் எடை கட்டாமல் கூரை போடவே வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் அது சுமார் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போதே நிறுத்தி, கூட்டத்தைக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் மேடை ஏறக் கூடாது. இந்த முடிவை எடுப்பவர் யார் என்று முதல் நாளே ஒருவரை நியமித்துவிடுங்கள். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது குழுவாகக் கூடி முடிவெடுக்க முடியாது.

பின்ஜோடி ஸ்பீக்கர் போக வாடகைப் பணத்தில் மிச்சம் இருந்தால், வாரம் முழுக்க மேடையை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துங்கள். மைக் நகர்த்துவது, டேப் ஒட்டுவது, அடுத்த குழுவைப் படியருகே கொண்டுவந்து நிறுத்துவது, பாடுபவருக்கு ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்ற அட்டையைக் காட்டுவது, இவ்வளவுதான் அவர் வேலை. அவரே அறிவிப்பாளராகவும் இருக்க வேண்டாம்.