கம்ப்ரசர் வாங்கும்போது பி.எஸ்.ஐ, சி.எஃப்.எம் இரண்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பி.எஸ்.ஐ என்பது காற்றின் அழுத்தம். சி.எஃப்.எம் என்பது ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்று வருகிறது என்ற அளவு. 1 கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும், ஆனால் வாளி சீக்கிரம் நிறையாது. பீய்ச்சுவது பி.எஸ்.ஐ, வாளி நிறைவது சி.எஃப்.எம்.

பட்டறைக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு 90 பி.எஸ்.ஐ போதும், அதைச் சின்ன கம்ப்ரசரே தந்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது சி.எஃப்.எம்மில்தான். ஆணி அடிக்கும் கன் விட்டுவிட்டுத்தான் காற்று கேட்கும். தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரும் ஸ்ப்ரே கன்னும் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குடித்துக்கொண்டே இருக்கும். கம்ப்ரசர் ஈடுகொடுக்காவிட்டால் மீட்டர் முள் இறங்கும், பெயின்ட் ஒரே சீராக விழாமல் துளித்துளியாகத் தெறிக்கும்.

இன்னொன்று, ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்று போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது பிஸ்டனின் கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் வெளியே வருவது ‘எஃப்.ஏ.டி’, அது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் கருவி கேட்பதைவிடக் கால் பங்காவது அது கூடுதலாக இருக்கட்டும்.

டேங்க் பெரிதானால் காற்று அதிகம் வரும் என்பது தப்புக் கணக்கு. டேங்க் சேர்த்துத்தான் வைக்கும், காற்றைத் தருவது பம்ப்.