நோட்டுப் பட்டியலை விடுங்கள், ஆஸ்டின் புரியும்

தெரியாத சொல்லையெல்லாம் நோட்டில் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 1813 நாவலான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படிக்க நானூறு சொல் மனப்பாடம் செய்தும் பத்தி புரியவில்லை என்கிறீர்கள். ஒரே அத்தியாயத்தில் இரண்டாவது முறை வருகிற சொல்லை மட்டும் குறித்தால் போதும், மற்றவை போகட்டும்.

தெரிந்ததாக நினைக்கும் சொற்கள்தான் உங்கள் காலை வாருகின்றன என்று நினைக்கிறேன். 'சென்சிபிள்' (sensible) என்ற சொல் அந்த நாவலில் சில இடங்களில் 'உணர்ந்திருக்கிற' என்ற பொருளில் வரும், அங்கே இன்றைய பொருளான 'விவேகமான' என்று போட்டால் வாக்கியமே கோணலாகிவிடும், நீங்களோ அகராதியைத் திறக்கவே மாட்டீர்கள், தெரிந்த சொல்லாயிற்றே.

ஒரு சோதனை. புரியாத பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாயையும் முக்கிய வினையையும் அடிக்கோடிடுங்கள்.

1. இரண்டும் கிடைத்தும் பொருள் ஒட்டவில்லையா? ஏதோ ஒரு சொல்லின் பழைய பொருள்தான் சிக்கல். அதைப் பார்க்க வெப்ஸ்டரின் 1828 அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது (அமெரிக்க அகராதிதான், ஆனாலும் பெரும்பாலும் கைகொடுக்கும்).

2. எழுவாயே அகப்படவில்லையா? அப்படியென்றால் வாக்கிய நீளம்தான் படுத்துகிறது, அரைப்புள்ளி வருகிற இடமெல்லாம் உடைத்து வாய்விட்டுப் படியுங்கள்.

இதெல்லாம் 18, 19-ஆம் நூற்றாண்டு உரைநடைக்குத்தான். ஷேக்ஸ்பியரிடம் இது செல்லாது, அதற்கு அடிக்குறிப்புள்ள பதிப்பு வேண்டும். அப்புறம், தேர்வுக்காகப் படிக்கிறீர்கள் என்றால் பாடப்பகுதிச் சொற்களை மட்டும் தனியாக எழுதி வைக்கத்தான் வேண்டும், அதில் தப்பிக்க வழி இல்லை.