நரம்பு உறையில் வரும் புற்றுநோய் என்றால் என்ன? மூளைக்கும் போய்விட்டது என்று அர்த்தமா?

அக்காவின் கையில் உள்ள கட்டி இதுவாக இருக்கலாம் என்கிறார்கள், இன்னும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூளைக்குப் போய்விட்டது என்று அர்த்தமே இல்லை. என் தம்பிக்கு இது தொடையில் வந்தபோது அம்மாவும் முதலில் இதைத்தான் கேட்டார். நரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் வருகிற பயம் அது.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உடம்பெங்கும் ஓடும் நரம்புகளுக்கு, மின்கம்பிக்கு இருப்பதுபோல ஓர் உறை உண்டு. ஷ்வான் செல்கள் அந்த உறையைச் சேர்ந்தவை. அங்கே பிறக்கும் இந்தப் புற்றுநோய் சார்கோமா வகை, அதாவது தசை, கொழுப்பு, எலும்பு, நரம்பு உறை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய். பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். மார்புக்கு சிடி ஸ்கேன் எழுதுவது அதற்காக.

வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணுக் கோளாறு இருக்கும். தோலில் பால் காப்பி நிறத் திட்டுகள், ஆங்காங்கே மெத்தென்ற கட்டிகள். தம்பிக்கு இரண்டும் சிறு வயதிலிருந்தே இருந்தன. மச்சம் என்று விட்டுவிட்டோம். "என் வயிற்றிலிருந்து வந்ததுதானே" என்று அம்மா பல நாள் அழுதார். அந்தக் கோளாறு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது பெற்றோரிடமிருந்து வருவதே இல்லை, கருவில் புதிதாக ஏற்படும் மாற்றம் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் அவர் சரியாகச் சாப்பிட்டார். வேறு நோய்க்காக முன்பு கதிர்வீச்சு கொடுத்த இடத்தில், பல ஆண்டுகள் கழித்தும் சிலருக்கு இது வருவதுண்டு.

பழைய கட்டி திடீரென்று பெரிதாவது, கல் மாதிரி இறுகுவது, சும்மா இருக்கும்போதும் இரவிலும் வலிப்பது, அந்தப் பக்கம் மரத்துப்போவது, பலம் குறைவது: இவைதான் எச்சரிக்கை. தம்பிக்கு வலியும் வளர்ச்சியும் இருந்தன. முதலில் போன இடத்தில் கொழுப்புக் கட்டி என்று சொல்லி, ஸ்கேன்கூட எடுக்காமல் அறுத்து எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வந்தபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. வெட்டிய ஓரத்திலும் செல்கள் மிச்சம் இருந்தன. இரண்டாவது அறுவையில் சுற்றியிருந்த தசையோடு நரம்பின் ஒரு பகுதியும் போனது. பிறகு கதிர்வீச்சு. இப்போது பாதத்தைத் தூக்க முடியாது, கணுக்காலுக்குப் பட்டை போட்டு நடக்கிறான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த நோயில் முக்கியமான சிகிச்சை அறுவைதான். சுற்றிலும் நல்ல திசுவோடு முழுதாக எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் முதல் அறுவையே சரியாக அமைய வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேனும், ஊசியால் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் முடியாமல் கட்டியில் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள். ஊசி போட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள், கேட்காதீர்கள். பின்னால் செய்யப்போகும் அறுவையை மனதில் வைத்துத்தான் ஊசி போகும் வழியை முடிவு செய்வார்கள். பயாப்சிக்கு முன்பே சார்கோமா பார்க்கும் குழுவிடம் அக்காவை அழைத்துப் போங்கள். அவர் தோலில் அந்தத் திட்டுகள் இருந்தால், அதை நீங்களாகவே சொல்லுங்கள்.