தண்டுவடக் காயமும் ஸ்டீராய்டும் எலும்பும்: கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் தண்டுவடக் காயம் அடைந்தவர்களின் வீட்டார் கேட்ட கேள்விகளுள் ஸ்டீராய்டையும் எலும்பையும் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் முடநீக்கியல் (பிசியோதெரபி) பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். மருந்து எழுதித் தருபவன் அல்லன். ஆகவே மருந்தை முடிவு செய்ய வேண்டிய இடங்களில், உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திசையன்விளையிலிருந்து ஒரு மகன்: அண்ணாச்சி, அப்பா பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்துவிட்டார். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் ஸ்டீராய்டு ஊசி போடவில்லை. போட்டிருந்தால் எழுந்து நடந்திருப்பார் என்று உறவினர் சொல்கிறார்கள். உண்மையா?

அந்த ஊசி போடாததைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. மீத்தைல் பிரெட்னிசலோன் என்னும் அந்த மருந்தைக் காயம் பட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஓரளவு பலன் உண்டு என்று 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியதால், அது உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி. முதலிலும், அதன்பின் 23 மணி நேரத்துக்கு மணிக்குக் கிலோவுக்கு 5.4 மி.கி. வீதமும் ஏற்றுவார்கள், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரே நாளில் 9 கிராமைத் தாண்டிவிடும். ஆனால் ஆய்வில் சேர்ந்த அனைவரையும் ஒன்றாகக் கணக்கிட்டபோது அந்தப் பலன் தெரியவில்லை என்பதும், 8 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்பதும் பின்னர் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. 48 மணி நேரம் கொடுத்தவர்களுக்கு நிமோனியாவும் இரத்தத்தில் கிருமித் தொற்றும் கடுமையாக வந்ததை 1997-இல் வெளியான அடுத்த ஆய்வு காட்டியது. 2013-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் அமைப்புகள் இம்மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தன. 2017-இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று, 8 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு 24 மணி நேர மருந்தை ஒரு விருப்பத் தேர்வாகக் கருதலாம் என்றது. இரு தரப்பிலும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். வயதும் சர்க்கரை நோயும் உள்ளவருக்கு மருத்துவர் தயங்கியிருந்தால் அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு.

பனை விளைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். விழுந்தவரை ஆளுக்கொரு கைகாலாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காமல், கழுத்தும் முதுகும் வளையாதபடி பலகையிலோ கழற்றிய கதவிலோ படுக்க வைத்து, 108 வண்டியில் கொண்டுபோவது எந்த ஊசிக்கும் முந்திய மருத்துவம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மனைவி: என் வீட்டுக்காரருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைக் விபத்து. அப்போது அந்த ஊசி போட்டார்கள். போன மாதம் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. ஊசிதான் எலும்பைத் தின்றுவிட்டது என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள், அம்மா. அந்த மருந்து இரத்தத்தோடு உடல் முழுவதும்தான் ஓடியது. எலும்பு மெலிவதற்கு அதுவே காரணம் என்றால் அவருடைய கை எலும்புகளும் அதே அளவு மெலிந்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்குக் கை எலும்புகள் பெரும்பாலும் கெடுவதில்லை; காயத்துக்குக் கீழுள்ள எலும்புகளே மெலிகின்றன. ஸ்டீராய்டே பெறாதவர்களுக்கும் இப்படித்தான் நடக்கிறது. எலும்பு என்பது ஒருபுறம் கரைந்துகொண்டும் மறுபுறம் கட்டப்பட்டுக்கொண்டும் இருப்பது. நிற்கும்போது விழும் பாரமும் தசையின் இழுப்பும் நின்றுபோனவுடன் கரைப்பு ஓங்கி, கட்டுமானம் பின்தங்குகிறது. முதல் சில மாதங்களில் இது மிக விரைவாக நடந்து, ஓரிரண்டு ஆண்டுகள் வரை குறிப்பிடத்தக்க அளவில் தொடரும். தொடை எலும்பின் கீழ்முனையிலும் கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையிலும், அதாவது முழங்காலைச் சுற்றியுள்ள கடற்பஞ்சு போன்ற பகுதியில், இழப்பு மிகுதி. உங்கள் வீட்டுக்காரருக்கு முறிந்த இடமும் அதுதான்.

இனி இடம் மாற்றும்போது பாதத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கையைத் தொடைக்குக் கீழும் மறுகையைக் கெண்டைக்காலுக்குக் கீழும் கொடுத்துத் தூக்குங்கள். பாதம் நாற்காலியின் மிதிபலகையில் சிக்கியிருக்க உடல் மட்டும் திரும்புவதே பல முறிவுகளுக்குக் காரணம். இறுகிப்போன முழங்காலை ஒரே நாளில் மடக்கிவிட நினைக்கும் பயிற்சியும் அப்படித்தான். என் துறையைச் சேர்ந்தவர்கள் சிலருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

களக்காட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணனுக்கு ஒரு கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருக்கிறது; லேசான காய்ச்சலும் உண்டு. வலி இல்லை என்கிறான். நாட்டுக் கட்டுப் போடலாமா?

வேண்டாம், இன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உணர்வில்லாத காலில் எலும்பு முறிந்தால் வலி தெரியாது. வீக்கம், சூடு, சிவப்பு, வழக்கத்தைவிடக் கூடுதலான தசை இழுப்பு, காரணம் புரியாத காய்ச்சல் ஆகியவையே அறிகுறிகள். மார்புப் பகுதியின் 6-ஆம் நிலையிலோ அதற்கு மேலோ தண்டுவடம் காயப்பட்டிருந்தால் திடீர்த் தலைவலியும் வியர்வையும் இரத்த அழுத்த உயர்வும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது. அப்படி வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வீக்கத்துக்குக் காரணம் முறிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம், தோலில் கிருமி பரவியிருக்கலாம், மூட்டைச் சுற்றித் தசைக்குள் புதிதாக எலும்பு வளர்ந்திருக்கலாம். உறைகட்டி இருக்கும் காலைத் தேய்த்து நீவினால் அது நுரையீரலுக்குப் போய் அடைக்கும். நாட்டுக் கட்டால் குணமானவர்கள் நம் பக்கத்தில் உண்டு. ஆனால் அவர்களால் ‘இறுக்குகிறது’ என்று சொல்ல முடிந்தது. உங்கள் அண்ணனால் அதைச் சொல்ல முடியாது. மாவுக் கட்டே ஆனாலும் உள்ளே நன்றாகப் பஞ்சு வைத்து, அடிக்கடி திறந்து தோலைப் பார்க்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் முறிவு ஆறும் முன்பே படுக்கைப் புண் எலும்பு வரை போய்விடும்.

முக்கூடலிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்குத் தண்டுவட அழற்சி வந்து கால்கள் செயலிழந்தன. மாதக்கணக்கில் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள், முகம் உப்பிவிட்டது. எலும்பு கெடும் என்கிறார்கள். நிறுத்திவிடவா?

இங்கேதான் ஸ்டீராய்டு உண்மையிலேயே எலும்பைக் கெடுக்கிறது. ஆனாலும் நீங்களாக நிறுத்தவே கூடாது. நீண்ட நாள் இம்மாத்திரை உண்பவர்களின் உடலில், இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வாந்தியும் மயக்கமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்து ஆள் விழுந்துவிடலாம். தணிந்திருந்த அழற்சியும் திரும்பலாம். படிப்படியாகக் குறைப்பதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

நாளொன்றுக்கு 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல், 3 மாதங்களுக்கு மேல் எடுப்பவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பைக் கணித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். இம்மருந்து எலும்பு கட்டும் செல்களை ஒடுக்குகிறது. குடல் கால்சியத்தை ஈர்ப்பதைக் குறைக்கிறது. சிறுநீரில் கால்சியத்தை வெளியேற்றுகிறது. மருந்தால் முதுகெலும்பும் செயலிழப்பால் கால் எலும்பும் ஒருசேர மெலிவதால் உங்கள் மகளுக்கு இருபுறமும் இழப்பு. இடுப்பு மூட்டின் பந்து இரத்த ஓட்டம் குறைந்து பட்டுப்போவதும் உண்டு. எலும்புக்கான பாதுகாப்பு மருந்தை இப்போதே தொடங்கலாமா, அழற்சிக்கு ஸ்டீராய்டு அல்லாத மாற்று மருந்துக்குப் போகலாமா என்னும் இரண்டையும் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கும் பெயரில்லாத ‘மூட்டுவலிப் பொடி’ எதையும் இதோடு சேர்க்காதீர்கள். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர்: எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு நன்றாக இருக்கிறது என்று வந்துள்ளது. நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. இத்தகைய காயம் உள்ளவர்களுக்கு முதுகெலும்பு அளவு இயல்பாகவே வரும். பொருத்திய கம்பியும் தேய்மான வளர்ச்சியும் சேர்ந்து அதைக் கூட்டியும் காட்டும். இடுப்பையும் முழங்காலைச் சுற்றிய பகுதியையும் அளக்கச் சொல்லுங்கள். முழங்காலை அளக்கும் வசதி எல்லா மையங்களிலும் இராது. இடுப்பு அளவாவது வேண்டும்.

வள்ளியூரிலிருந்து ஒரு தங்கை: கால்சியம் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுக்கலாமா, அண்ணாச்சி?

காயத்தின் முதல் மாதங்களில் கூடாது. கரையும் எலும்பிலிருந்து வரும் கால்சியமே அப்போது இரத்தத்திலும் சிறுநீரிலும் மிகுந்திருக்கும். இளவயது ஆண்களுக்கு அது வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் வரை போகலாம், சிறுநீர்ப்பையில் கல்லும் சேரும். இரத்தக் கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் பார்த்தபின் முடிவு செய்யட்டும். நம் ஊர் வெயிலுக்கு வைட்டமின் டி குறையுமா என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குக் குறையும். பின்னாளில் கேழ்வரகுக் கூழும் மோரும் தாராளமாகக் கொடுக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் உண்டு.

நாங்குநேரியிலிருந்து ஒருவர்: நிற்கும் சட்டத்தில் நிறுத்தினால் எலும்பு திரும்ப வளருமா? ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி ஒன்று இருக்கிறதாமே?

நிற்பதால் தசை இறுக்கமும் மலச்சிக்கலும் குறையலாம், மனத்துக்கும் நல்லது. இழந்த எலும்பு அதனால் திரும்பும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். நெடுநாள் படுத்திருந்தவரை ஸ்கேன் பார்க்காமல் நிறுத்தவும் கூடாது. 1981-இல் சு. இராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில் தண்டுவடக் காயத்துக்கான மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. அவரே கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அத்தகைய இடத்தில் பயிற்சி பெற்றபின் வீட்டில் தொடங்குவது நல்லது.

நீங்கள் கேட்ட ஊசி சோலெட்ரோனிக் அமிலம், 5 மி.கி. காயத்துக்குப் பின் விரைவில் கொடுத்தால் இடுப்பு எலும்பின் இழப்பைக் குறைக்கிறது; முழங்காலில் அதன் பலன் அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. டெனோசுமாப் என்பது எலும்பைக் காக்க 6 மாதங்களுக்கு ஒருமுறை போடும் மற்றோர் ஊசி. அதை இடையில் விட்டால் காத்த எலும்பு விரைவாகக் கரைந்துவிடும் என்பதால், தொடர்ந்து செலவு செய்ய முடியுமா என்று பார்த்தே தொடங்குங்கள். எதைப் போடும் முன்பும் வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிப் புண் ஆறவிட வேண்டும். சோலெட்ரோனிக் அமிலத்துக்குச் சிறுநீரகத்தின் நிலையும் தெரிய வேண்டும். தசை வற்றியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அதன் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் என்னும் இரத்த அளவு குறைவாகவே காட்டும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.